என் ஓட்டைப் போட்டவள்

ஏப்ரல் 1, ஞாயிறு

கை பழகுவதற்குத் தினம் நாலு வரி எழுத வேண்டும் என்று, பயிற்சி கொடுக்க வருகிற பெண் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். என்னத்தை எழுத என்று கேட்டேன். மனசில் இருப்பதை எழுதுங்க பாட்டி என்றாள். மனசில் இருப்பதை எழுத இந்த நோட்டு பத்தாது. நூல் கடைக்காரன் பொங்கலுக்குக் கொடுத்த டைரி இது. மூணு மாசமாக அரிசி டப்பா மேல் கிடந்தது.

மாசி மாசம் குளிக்கிற ரூமில் விழுந்தேன். வலது மணிக்கட்டு முறிந்தது. கட்டுப் பிரித்துப் பதினெட்டு நாள் ஆகிறது. அவ்வளவுதான் அந்தக் கதை.

நான் படித்தது மூணாம் வகுப்பு. நாலாவதுக்குப் போக வேண்டிய அன்றைக்கு எங்கள் அண்ணன் எருமைக் கன்றின் கயிற்றைக் கையில் கொடுத்து, மேய்ச்சுட்டு வா என்றான். எனக்கு இப்போது எண்பத்தாறு. அவன் செத்ததற்குப் போனேன், அழவில்லை.

ஏப்ரல் 2, திங்கள்

முன் வீட்டில் நான், மகன் துரைசாமி, மருமகள் கலாமணி. பின்னால் லைன் வீடு, ஆறு ரூம், வாடகைக்கு. எல்லாம் என் பேரில் இருக்கிறது. துரைசாமி சொந்தமாக ஆறு மெஷின் போட்டு பனியன் தைத்தவன். நாலு வருசத்துக்கு முன்னால் ஆர்டர் நின்று மெஷின்களை விற்றான். இப்போது வேறொருத்தன் கம்பெனியில் வேலை பார்க்கிறான். கலாமணியும் அங்கேதான் செக்கிங். திருப்பூரில் இது புதுக்கதை இல்லை.

எட்டு மணிக்கு அவர்கள் போய்விட்டால் என்னைப் பார்ப்பது நாலாம் நம்பர் ரூம் சஸ்மிதா. ஒடிசாக்காரி. ஏழு வருசமாகக் குடியிருக்கிறாள். புருசன் பிரதாப்புக்குச் சாயப்பட்டறையில் வேலை. மகள் கார்ப்பரேசன் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது முடிக்கிறது, ஜூனில் பெரிய பள்ளிக்கூடம் போக வேண்டும். சஸ்மிதா வீட்டிலேயே உட்கார்ந்து தைத்த பனியன்களுக்குப் பிசிறு வெட்டுகிறாள். காலையில் வந்து என்னைக் குளிப்பாட்டி, சேலை சுற்றிவிட்டுப் போய்ப் பிசிறு வெட்டுவாள். கலாமணி ஏற்பாடு. என்னைக் கேட்கவில்லை.

கீரையில் உப்பு அதிகம்.

ஏப்ரல் 5, வியாழன்

எண்பத்தஞ்சு தாண்டினவர்களிடம் வீட்டுக்கே வந்து ஓட்டு வாங்குகிறார்கள். பன்னிரண்டாம் தேதி உங்களுக்கு என்று இன்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஊருக்கெல்லாம் இருபத்தாறு. டெல்லிக்கு ஆள் அனுப்புகிற எலெக்சன்.

எந்தச் சின்னம் என்று என்னை யாரும் கேட்பதில்லை. கேட்கத் தேவையில்லை என்று நினைப்பு. துரைசாமியின் அப்பா நாற்பத்தொரு வருசம் ஒரே கட்சி. கொடி கட்டினார், போஸ்டர் ஒட்டினார், ஜெயிலில் பதினாறு நாள் இருந்தார். அவர் செத்தது தை பதினேழு, வியாழக்கிழமை, காலை ஆறே கால். கட்சிக்காரன் செத்தால் கட்சிக் கொடியைப் பொணத்து மேல் போர்த்துவார்கள். கொடியோடு வருகிறோம், அதுவரைக்கும் எடுக்காதீங்க என்று சொல்லி அனுப்பினார்கள். சாயங்காலம் ஐந்து மணி வரைக்கும் வைத்திருந்தோம். ஈ மொய்த்தது. நான் என் புடவைத் தலைப்பால் விசிறினேன். யாரும் வரவில்லை. மந்திரி வீட்டுக் கல்யாணமாம்.

அதற்குப் பிறகும் ஒவ்வொரு எலெக்சனுக்கும் அதே சின்னத்தில்தான் குத்தினேன், இருபத்தேழு வருசம். குத்திவிட்டு வந்து வீட்டில் யாரோடும் பேச மாட்டேன்.

ஏப்ரல் 8, ஞாயிறு

ரங்கபூபதி வந்தான். அதை முழுசாக எழுதி வைக்கிறேன்.

தனிக்கட்சி. கத்தரிக்கோல் சின்னம். இந்த ஊரில் எல்லார் வீட்டிலும் இருக்கிற சாமான் என்று பார்த்து வாங்கியிருக்கிறான். வேனில் நின்றுகொண்டு மைக்கில் பேசினான்.

"இந்த ஊரைத் தூக்கி நிறுத்தினது யாரு? நீங்க. இன்னைக்கு உங்க மெஷின்ல உக்காந்திருக்கறது யாரு?"

அவன் யாரென்று சொல்லவில்லை. கூட்டம்தான் வடக்கத்தி ஆளுக என்று கத்தியது. அவன் சும்மா தலையை ஆட்டினான். துரைசாமி வாசல் கேட் ஓரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தான். நாலு வருசத்தில் அவன் முதுகு அவ்வளவு நேராக நின்று நான் பார்க்கவில்லை.

பிறகு எங்கள் வீட்டுக்குள் வந்தான். கூட்டிவந்தது எதிர்வீட்டு விசுவநாதன். நான் கட்டிலில் இருந்தேன். ரங்கபூபதி நாற்காலியில் உட்காராமல் என் காலடியில் குந்தி உட்கார்ந்தான்.

"ஆத்தா, என்ன வேணும்னு எல்லாரும் கேப்பாங்க. நான் அதைக் கேக்கலீங்க. உங்ககிட்ட இருந்து என்ன போச்சு, அதைச் சொல்லுங்க."

எண்பத்தாறு வருசத்தில் இதை யாரும் என்னிடம் கேட்டதில்லை. கொடி வராததைச் சொன்னேன். மெஷின் போனதைச் சொல்வேன் என்று துரைசாமி எதிர்பார்த்தான். என் வாயில் கொடிதான் வந்தது.

ரங்கபூபதி எழுந்தான். தன் கழுத்தில் கிடந்த மாலைகளில் நல்லதாக ஒன்றை எடுத்து, செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்து, சுவரில் இருந்த அவர் படத்துக்குப் போட்டான். கும்பிட்டான்.

அவன் அப்பனை எனக்குத் தெரியும். ஓடையில் முதலில் சாயத் தண்ணியை விட்டவன் அவன். எங்கள் தென்னை பதினொன்று காய்ந்தது அந்தத் தண்ணியில்தான். ஒடிசாவில் இருந்து யாரும் வந்து விடவில்லை. அதுவும் ஞாபகத்தில் இருந்தது. ஆனால் கண்ணில் மாலைதான் நின்றது.

சஸ்மிதா எனக்குக் கஞ்சி கொண்டுவந்து வாசற்படியில் நின்றாள்.

"இது யாருங்க?" என்றான்.

"லைன் வீட்டு ஆளுங்க," என்றான் விசுவநாதன்.

"நமஸ்தே, நமஸ்தே," என்று அவளைப் பெரிசாகக் கும்பிட்டான். கூட வந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

ஏப்ரல் 9, திங்கள்

மாலை வாடிவிட்டது. எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

ஏப்ரல் 11, புதன்

பயிற்சிப் பெண் வந்தாள். ஞாயிற்றுக்கிழமை எழுதினதைக் காட்டச் சொன்னாள். ஒரு பக்கத்தைக் கையால் மூடிக்கொண்டு மற்றதைக் காட்டினேன். "கோடு தாண்டவே இல்லையே பாட்டி. எங்க அம்மாகூட இப்படி எழுத மாட்டாங்க," என்றாள். தண்ணி டம்ளரைத் தூக்கச் சொன்னாள். தூக்கினேன். சிந்தவில்லை.

ஏப்ரல் 12, வியாழன்

ஓட்டுப் போட்டாகிவிட்டது.

பதினொரு மணிக்கு வந்தார்கள். ஆபீசர் இரண்டு பேர், போலீஸ்காரர் ஒருத்தர், கேமராக்காரன் ஒருத்தன். கட்சி ஆட்கள் கேட்டுக்கு வெளியே. துரைசாமியும் கலாமணியும் கம்பெனிக்குப் போயிருந்தார்கள், சரக்கு ஏற்றுகிற நாள். அட்டையை மூணு பக்கமாக மடித்து மேசை மேல் நிறுத்தினார்கள். அதற்குப் பின்னால் நடப்பது கேமராவுக்குத் தெரியாது.

"நீங்களே போட்டுருவீங்களா பாட்டி?" என்றார் பெரிய ஆபீசர். பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி இருந்தார்.

"கை விளங்காதுங்க."

"அப்ப கூட யாராச்சும் இருந்து போடலாம். வீட்டுல யாரு இருக்காங்க?"

சஸ்மிதா சுவரோரம் நின்றிருந்தாள்.

"இவ போடட்டும்."

"இவங்க உங்களுக்கு என்ன உறவு?"

"கூட இருக்கறவ."

இரண்டு ஆபீசரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தார்கள். "வயசு பதினெட்டு முடிஞ்சிருக்கா? அப்பச் சரி," என்றார் பெரியவர். பிறகு அவளிடம் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். "அம்மா, பாட்டி எதைக் காட்டறாங்களோ அதுலதான் போடணும். எதுல போட்டோம்னு யார்கிட்டயும் சொல்லக் கூடாது. சொல்ல மாட்டேன்னு இதுல எழுதிக் குடுக்கணும்." அவள் ஒடியாவில் கையெழுத்துப் போட்டாள். வட்டம் வட்டமாக இருந்தது.

அட்டைக்குப் பின்னால் இரண்டு பேரும் குனிந்தோம். அவள் கையில் பேனா.

"எது ஆத்தா?" என்று என் காதில் கேட்டாள்.

கத்தரிக்கோல் மேல் விரலை வைத்தேன்.

அவள் என்னைப் பார்த்தாள். "இதா?"

"அதுதான்."

போட்டாள். மடித்தாள். கவரில் வைத்து ஒட்டினாள். பெட்டிக்குள் நான்தான் போட்டேன். போலீஸ்காரர் தண்ணி கேட்டார், கொண்டுவந்து கொடுத்தாள்.

வேறு எழுத ஒன்றுமில்லை. மத்தியானம் ரசம்.

ஏப்ரல் 13, வெள்ளி

எப்போதும் போல வந்து குளிப்பாட்டினாள். தண்ணி பதமாக இருந்தது. தலைக்கு ஊற்றும்போது சோப்பு கண்ணில் போகாமல் நெற்றியில் கையை அணை மாதிரி வைப்பாள், அதையும் வைத்தாள். பேசவில்லை. தினம் மகள் பள்ளிக்கூடத்தில் என்ன செய்தாள் என்று சொல்லிக்கொண்டே ஊற்றுவாள்.

நானாகக் கேட்டேன், புள்ள எப்படி இருக்கா என்று.

"நல்லா இருக்கு ஆத்தா."

ஏப்ரல் 14, சனி

சித்திரைக் கனி. கலாமணி மாம்பழம், கண்ணாடி, நகை எல்லாம் வைத்து எழுப்பினாள். பாயசத்தை நாலாம் நம்பருக்குக் கொடுத்தனுப்பினாள். அவர்கள் ஊரிலும் இன்றைக்குத்தான் வருசப் பிறப்பாம். ஏழு வருசமாக ஒரே காம்பவுண்டில் இருக்கிறோம், எனக்குத் தெரியாது. கலாமணிக்குத் தெரிந்திருக்கிறது. சஸ்மிதா வில்வப் பழத்தைக் கரைத்து வெல்லம் போட்டு ஒரு சொம்பு கொண்டுவந்து வைத்தாள்.

குடித்தேன். இரண்டாவது டம்ளர் கேட்க ஆசையாக இருந்தது. கேட்கவில்லை.

ஏப்ரல் 15, ஞாயிறு

வாடின மாலையை எடுத்துப் போடச் சொன்னேன். கலாமணி ஏன் என்று கேட்டாள். எறும்பு வருகிறது என்றேன். எறும்பு இல்லை.

ஏப்ரல் 20, வெள்ளி

பிரதாப்பை அடித்துவிட்டார்கள்.

சாயங்காலம் முக்கு டீக்கடையில் கத்தரிக்கோல் துண்டு போட்ட பையன்கள் நாலு பேர் இவனை நிறுத்தி, "எங்க, எங்க சின்னத்தைத் தமிழ்ல சொல்லு பாக்கலாம்," என்றிருக்கிறார்கள். இவன் சொல்லியிருக்கிறான். சரியாகவே சொல்லியிருக்கிறான். அதற்கும் அடி. உதடு கிழிந்து வந்தான். கலாமணி மஞ்சளும் சுண்ணாம்பும் வைத்தாள்.

"கையி அழுகிப் போகோணும் அவனுகளுக்கு," என்றாள் கலாமணி. "சோறு திங்கறவனுகளா இவனுக?"

துரைசாமி ஃபேனைப் போட்டுவிட்டான்.

"வலிக்குதாடா?" என்று நான் கேட்டேன்.

"இல்ல ஆத்தா," என்றான். தரையைப் பார்த்துத்தான் சொன்னான். இந்தப் பையன் மாசி மாசத்தில் இருந்து என் முகத்தைப் பார்ப்பதே இல்லை. என்னைக் கண்டால் குனிந்துகொள்கிறான். அது எனக்குப் பிடிக்கவில்லை.

ஏப்ரல் 26, வியாழன்

ஊர் ஓட்டுப் போட்டது. கலாமணியும் துரைசாமியும் காலையிலேயே போய் மையோடு வந்தார்கள்.

"நீங்க நம்ம பழைய கட்சிக்குத்தானுங்க அத்தை போட்டீங்க?" என்றாள் கலாமணி.

"பின்ன?" என்றேன்.

சஸ்மிதா நடையில் உட்கார்ந்து பிசிறு வெட்டிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை. வெட்டுகிற சத்தம் நிற்கவுமில்லை. கேட்டுக்கொண்டிருந்தாள் என்பது எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும்.

முடிவு மே முப்பத்தொன்றுக்குத்தானாம். அதுவரைக்கும் பெட்டியைப் பூட்டி வைத்திருப்பார்கள்.

மே 3, வியாழன்

விசுவநாதன் ஒரு தாளோடு வந்தான், கூட மூணு பேர். துரைசாமி அன்றைக்கு லீவு.

"ஆத்தா, நம்ம வீதியில எல்லாருமே கையெழுத்துப் போட்டாச்சுங்க. மாசக் கடைசிக்குள்ள வடக்கத்தி ஆளுகளை லைன் வீட்ட விட்டுக் காலி பண்ணிக் குடுக்கறோம்னு. நீங்க ஒருத்தர்தான் பாக்கி."

துரைசாமி என்னைப் பார்த்தான். "ஊடு அம்மா பேர்லீங்க," என்றான். அவனும் வேண்டாம் என்று சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. என் வயிற்றில் பிறந்தவன்.

"கையி முடியலீன்னாப் பரவால்லீங்க, ரேகை வெச்சுக்கலாம்," என்று மைப்பெட்டியைத் திறந்தான் விசுவநாதன்.

சஸ்மிதா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். கொடிக்கயிற்றுக்கு அந்தப் பக்கம் அவள் கால் மட்டும் தெரிந்தது. அசையவில்லை.

"நான் வெக்க மாட்டேன்," என்றேன்.

"ஏனுங்க? அன்னைக்கு ரங்கபூபதியண்ணன் வந்தப்ப..."

"எங்கூட்டுல யாரு இருக்கோணும்னு நீ என்ன சொல்றது? உங்கம்மா எம்பட கெட்டிச் செயினை உன் அத்தை கல்யாணத்துக்குன்னு வாங்கிட்டுப் போனா. ஐப்பசி மாசம், அடை மழை, கோணிச் சாக்கைத் தலையில போட்டுக்கிட்டு வந்தா. திருப்பிக் குடுக்கறப்ப ஒரு கண்ணி குறைஞ்சுது. அதைக் கேட்டனா நானு? போ, போய் அந்தக் கண்ணியைத் தேடிக் கொண்டாந்துட்டு அப்பறம் தாளை நீட்டு."

கூட வந்தவர்களில் ஒருத்தன் சிரித்துவிட்டான். விசுவநாதனுக்கு மூஞ்சி கறுத்துப்போயிற்று. போனார்கள்.

சாயங்காலத்துக்குள் கலாமணி வீதி முழுக்கச் சொல்லிவிட்டாள். எங்க அத்தை ஒருத்திதான் மூஞ்சிக்கு நேரா மாட்டேன்னு சொன்னது என்று. மூணாவது வீட்டு லைனில் இருந்து ஒரு பீகார்க்காரி, கைப்பிள்ளையோடு வந்து என் காலைத் தொட்டாள். என்னமோ சொன்னாள். சஸ்மிதாவை அர்த்தம் கேட்டேன்.

"நீங்க சாமி மாதிரின்னு சொல்றா ஆத்தா."

சொல்லும்போது அவள் முகத்தில் ஒன்றுமே இல்லை. திட்டியிருந்தால் தாங்கிக்கொள்வேன்.

மே 4, வெள்ளி

இந்த நோட்டைப் பின்னாலிருந்து புரட்டிப் பார்த்தேன். ஏப்ரல் எட்டாம் தேதி இரண்டு பக்கத்துக்கு மேல் எழுதியிருக்கிறேன். பதினொன்றாம் தேதி டம்ளரைச் சிந்தாமல் தூக்கியிருக்கிறேன். பன்னிரண்டாம் தேதி காலையில் ஆபீசரிடம் கை விளங்காது என்று சொன்னேன். அன்று மத்தியானமே அதே கையால் அதை எழுதி வைத்திருக்கிறேன்.

ஒரு கோடு இழுக்கிற வேலை. நானே இழுத்திருக்கலாம்.

இதற்கு மேல் இன்று எழுத முடியவில்லை. கை நன்றாகத்தான் இருக்கிறது.

மே 8, செவ்வாய்

சஸ்மிதா ஊருக்குப் போகிறாளாம். மூணு பேரும். பதிமூணாம் தேதி ரயில். பிள்ளையின் டி.சி. வாங்கியாகிவிட்டது. குளிப்பாட்டி முடித்துத் தலை துவட்டும்போது சொன்னாள்.

"நீ எதுக்குப் போற? நான்தான் கையெழுத்துப் போடலையே."

"நீங்க போடல ஆத்தா. வீதி போட்டுச்சு."

இரண்டு வீடு தள்ளி லைனில் கரண்டைப் பிடுங்கிவிட்டார்களாம். பிரதாப் டீக்கடைப் பக்கம் போவதில்லையாம், பட்டறைக்குச் சுற்றிக்கொண்டு போகிறானாம். பிள்ளை ரோட்டில் ஒடியா பேசுவதை நிறுத்திவிட்டதாம். வீட்டுக்குள்ளும் தமிழிலேயே பதில் சொல்கிறதாம். அதுதான் தாங்கவில்லை என்றாள்.

"புள்ளைக்கு அங்க பள்ளிக்கூடம்?"

"அஞ்சாவதுல திரும்ப உக்காரணும். அங்க எழுத்து வேற இல்லையா ஆத்தா. அதுக்கு எழுதத் தெரியாது."

மே 9, புதன்

குளிக்கிற ரூமில் விழுந்தேன் என்று முதல் பக்கத்தில் எழுதி, அவ்வளவுதான் அந்தக் கதை என்று முடித்திருக்கிறேன். அவ்வளவு இல்லை.

உள்ளே தாழ் போட்டிருந்தேன். உடம்பில் துணி இல்லை. எழ முடியவில்லை. கத்தினேன். முதலில் சஸ்மிதா வந்தாள், கதவு அசையவில்லை. பிறகு பிரதாப் வந்து தோளால் இடித்துக் கதவை உடைத்தான். அவன்தான் தூக்கினான். தூக்குவதற்கு முன்னால் தன் சட்டையைக் கழற்றி என் மேல் போட்டான், பார்க்கவில்லை என்று காட்டக் கண்ணை மூடிக்கொண்டான். கண்ணை மூடிக்கொண்டே தட்டுத் தடுமாறி என்னைத் தூக்கிக் கட்டிலில் போட்டான். நான் அழுதேன். என் புருசன்கூட என்னை வெளிச்சத்தில் பார்த்ததில்லை.

அந்தப் பையன் நல்லது செய்தான். டாக்டர் சொன்னார், இந்த வயசில் இன்னும் அரை மணி ஈரத்தில் கிடந்திருந்தால் கஷ்டம் என்று. துரைசாமி அவனுக்கு வேட்டி சட்டை எடுத்துக் கொடுத்தான். எல்லாரும் அவனை மெச்சினார்கள். எனக்கு அவர்கள் இரண்டு பேரையும் காணச் சகிக்கவில்லை. அவன் குனிந்து போகும்போதெல்லாம் எனக்கு அந்த ரூம் ஞாபகம் வரும். அவள் தினம் வந்து அதே ரூமில் என்னைக் கழுவுவாள்.

கெடுத்தவர்களை நான் மறந்ததில்லை, அது என் குணம். எனக்கு நல்லது செய்தவர்களையும் அதே கணக்கில் வைத்திருக்கிறேன் என்பது எழுதும்போதுதான் தெரிகிறது.

மாலை போட்டதற்காகத்தான் ரங்கபூபதிக்கு ஓட்டு என்று பேனாவை அவள் கையில் கொடுக்கிற வரைக்கும் நினைத்துக்கொண்டிருந்தேன். மாலைக்கு என்றால் நானே போட்டிருப்பேன். அவள் கையால் போட வைத்தது அந்த ரூமுக்கு.

மே 13, ஞாயிறு

போய்விட்டார்கள். பத்து மணிக்கு ஆட்டோ.

அதற்கு முன்னால், இன்று குளிப்பாட்ட வேண்டாம் என்று சொல்லியும் சஸ்மிதா வந்து குளிப்பாட்டினாள். சேலை சுற்றி, கொசுவத்தைச் செருகினாள். கலாமணி வெளியே பிள்ளைக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். நாங்கள் இரண்டு பேர் மட்டும்.

"சஸ்மிதா, அன்னைக்கு அந்த ஓட்டு..." என்று ஆரம்பித்தேன். நாலு நாளாக யோசித்து வைத்த பேச்சு. கை விளங்காது என்று சொன்னது பொய் என்று சொல்ல வேண்டும். உன்னை வேண்டுமென்றேதான் கூப்பிட்டேன் என்று சொல்ல வேண்டும். காலில் விழக்கூட மனசில் இருந்தது. வயசில் மூத்தவள் விழலாமா என்றெல்லாம் பார்த்தாகிவிட்டது.

அவள் என் வாயில் கையை வைக்கவில்லை, ஒன்றுமில்லை. சும்மா தலையை ஆட்டினாள்.

"அதைப் பேசக் கூடாது ஆத்தா."

"நான்தான பேசறேன்."

"யார்கிட்டயும் பேச மாட்டேன்னு ஆபீசருக்கு எழுதிக் குடுத்திருக்கேன். கையெழுத்துப் போட்டிருக்கேன்."

"எங்கிட்டப் பேசலாம் புள்ள. அது என் ஓட்டு."

"உங்ககிட்டயும் இல்ல," என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. மாத்திரை எந்த டப்பாவில் இருக்கிறது என்று காட்டினாள். காலை மாத்திரை நீலம், சாயங்காலம் வெள்ளை. கலாமணி அக்காவிடம் சொல்லிவிட்டேன் என்றாள். பிரதாப் வாசலில் நின்று கும்பிட்டான். இந்தத் தடவை நான்தான் குனிந்துகொண்டேன்.

பிள்ளை மட்டும் ஓடி வந்து, "போயிட்டு வர்றேன் ஆத்தா," என்றது. நம் ஊர்ப் பிள்ளைகள் சொல்கிற மாதிரியே.

கலாமணி ஆட்டோ மறையும் வரைக்கும் நின்று அழுதாள்.

மே 14, திங்கள்

நானே குளித்தேன். கதவைத் தாழ் போடவில்லை.

மே 22, செவ்வாய்

நாலாம் நம்பரைக் கழுவிவிட்டார்கள். யாரோ தஞ்சாவூர்ப் பக்கத்து ஆள் பார்த்துவிட்டுப் போனான். பயிற்சிப் பெண் இனி வர வேண்டியதில்லை என்று சொல்லிவிட்டாள், கை சரியாகிவிட்டதாம். எழுதுவதை விடலாமா என்று கேட்டேன். உங்க இஷ்டம் பாட்டி என்றாள்.

மே 31, வியாழன்

எட்டு மணிக்கே டி.வி.யைப் போட்டுவிட்டான் துரைசாமி. முதலில் தபால் ஓட்டைத்தான் எண்ணுவார்களாம். வீட்டில் வாங்கினதும் அதில்தான் சேரும் என்று அவன்தான் விளக்கினான். எட்டரைக்குக் கீழே எழுத்து ஓடியது. தபால் ஓட்டில் ரங்கபூபதி முன்னிலை.

"கெழடுகட்டைக எல்லாம் அவனுக்குக் குத்தியிருக்குதுக பாரு," என்று சிரித்தான் துரைசாமி.

நான் கட்டிலைப் பிடித்துக்கொண்டு எழுந்து உள்ளே போய்விட்டேன்.

மத்தியானத்துக்குள் ரங்கபூபதி பின்னால் போய்விட்டான். மூணு மணிக்குத் தோற்றுப்போனான் என்று சொல்லிவிட்டார்கள். வீதியில் பழைய கட்சிக்காரர்கள் வெடி போட்டார்கள். விசுவநாதன் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. துரைசாமி வெடி பார்க்கப் போய்விட்டான்.

கலாமணி அடுப்படியில் அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டிருந்தாள். நான் போய் அவளுக்கு எதிரில் உட்கார்ந்தேன்.

"காலையில தபால் ஓட்டுல ரங்கபூபதி முன்னிலைன்னு காட்டுனானே. அதுல ஒண்ணு என்னுது," என்றேன்.

அவள் கை நின்றது. என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டட்டும் என்றுதான் போனேன்.

"நானுந்தானுங்க அத்தை," என்றாள்.

எனக்குப் புரியவில்லை. புரிந்தது, நம்பவில்லை.

"நம்ம மெஷினை லாரியில ஏத்தறப்ப உங்க மகன் நின்ன நெலைய நெனச்சேன். ரங்கபூபதி ஒருத்தன்தான் அதைப் பேசுனான். மத்தவனுக எல்லாம் ரோடு, பாலம்னு சொன்னானுக. குத்திட்டேன்." அவரைக்காயையே பார்த்துக்கொண்டு சொன்னாள். "சஸ்மிதாவ நெனக்கவே இல்லீங்க அத்தை. சத்தியமா. அங்க நிக்கறப்ப அவ மொகமே எனக்கு வரல. வடக்கத்தி ஆளுகன்னா வேற யாரோன்னு இருந்துச்சு. ஸ்டேஷன்ல பொட்டியோட எறங்குவானுகளே, அவனுகன்னு. பிரதாப்பு ஒதட்டுல மருந்து வெச்சவ நானு, வெச்சு ஆறு நாள்ல போய்க் குத்திட்டு வந்துட்டேன்."

அழ ஆரம்பித்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"உங்களுக்கும் அப்படித்தானுங்க இருந்திருக்கும். அவ நெனப்பே வந்திருக்காது," என்றாள் எனக்கு ஆறுதலாக. "அவன்தான் தோத்துட்டானே. உடுங்க."

அப்படித்தான் என்று சொல்லியிருக்கலாம். இரண்டு பேருக்கும் சமாதானமாகப் போயிருக்கும்.

"எனக்கு அவ நெனப்பு வர வேண்டியதே இல்ல கலாமணி," என்றேன். "அவ எம்பக்கத்துலதான் குனிஞ்சு நின்னா. எதுன்னு கேட்டா. காட்டுனேன். பேனா அவ கையில இருந்துச்சு."

கலாமணி அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். பிறகு அவரைக்காய் முறத்தை எடுத்துக்கொண்டு எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டாள்.